மரோசான்: ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் கதை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

பிரான்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாரிஸ் நகரம். 1789ல் பாஸ்டில் சிறைக் கோட்டையைத் தகர்த்த பாரிஸ். 1871ல் எழுபத்திரண்டு நாட்கள் தொழிலாளர் ஆட்சி நடத்திய பாரிஸ். இந்த வகுப்புகளிலும் அந்தக் கதைகளைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறோம். ஆனால் பாரிஸ்காரன் தின்னும் ரொட்டியும் குடிக்கும் திராட்சை மதுவும் பாரிஸ் தெருவில் விளைவதில்லை. அதை விளைவித்தவன் எப்படி வாழ்ந்தான்?

சில நாட்களுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில் வயதான விவசாயத் தொழிலாளி ஒருவர் எழுந்து எங்களைக் கேட்டார்: "ஏன் தோழர், அந்தச் சீமையிலே கூலிக்காரன் உண்டா? அறுப்பு முடிந்ததும் அங்கேயும் தரகன் வந்து நிற்பானா?" அன்று இரவு வெகுநேரமாகிவிட்டது. "உண்டு, நிற்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். கேள்வி நியாயமானது, பதில் போதாது. ஆகவே இன்று ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுவோம். அதன் பெயர் மரோசான்.

மது என்றதும் சில தோழர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், முகம் சுளிக்கலாம். குடியைப் புகழ நாம் வரவில்லை. அந்த ஊர் ஜனங்களுக்கு அது பயிர். அவர்கள் விற்கும் சரக்கு. பருத்தி விளைந்தாலும் திராட்சை விளைந்தாலும் விளைவித்தவன் பங்கு என்ன, நடுவில் நிற்பவன் பங்கு என்ன என்பதே நம் விஷயம்.

ஊர் இருக்கும் இடம்

பிரான்சின் தெற்குக் கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டி, லாங்டோக் என்ற பிரதேசம் இருக்கிறது. அதில் எரோ என்று ஒரு ஜில்லா. அந்த ஜில்லாவில் பெசியே என்ற பழைய நகரம். அங்கிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் மரோசான். கடல் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரம். வடக்கே மலைகள். அந்த மலைகளிலிருந்து இறங்கும் ஓர்ப் என்ற ஆறு ஊர்ப் பக்கமாக ஓடி, பெசியேயைக் கடந்து கடலில் கலக்கிறது.

கோடையில் அங்கே கடும் வெயில். மாதக்கணக்கில் மழை இராது. மழை பெய்வது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். பெய்தால் ஆறு கரை புரளும். வடமேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். பல இடங்களில் கூழாங்கல் கலந்த மண். கோதுமைக்கு இது சுமாரான பூமி. திராட்சைக் கொடியோ ஆழமாக வேர் விடும், வெயிலைத் தாங்கும், கல்லுக்கிடையிலும் தண்ணீர் தேடிக்கொள்ளும். ஆகவே அந்தப் பூமிக்கு ஏற்ற பயிர் திராட்சைதான்.

பக்கத்து ஊரான மோன்தாதியில் ஒரு காலத்தில் சதுப்பு ஏரி ஒன்று இருந்தது. அதை வடித்து நிலமாக்க 1247ல் அனுமதி கிடைத்தது. ஏரியின் நடுவிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வாய்க்கால்கள் வெட்டினார்கள். நடுவில் சேர்ந்த தண்ணீரை வெளியே கொண்டுபோகப் பக்கத்துக் குன்றின் அடியில் ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்தார்கள். எந்திரம் இல்லாத காலம், கடப்பாரையும் கூடையும்தான். அந்த வாய்க்கால்களை இன்றும் குன்றின் மேலிருந்து பார்க்கலாம்.

அதே குன்றில் 17ம் நூற்றாண்டில் இன்னொரு சுரங்கம் குடையப்பட்டது. அது மிடி கால்வாய்க்காக. பெசியேயில் பிறந்த ரிக்கே என்பவர் திட்டம் போட்டார். 1666ல் ஆரம்பித்து 1681ல் கால்வாய் திறக்கப்பட்டது. வேலை மும்முரமாக நடந்த நாட்களில் பன்னிரண்டாயிரம் பேர் வரை மண் வெட்டினார்கள். பெண்களும் மண் சுமந்தார்கள். 19ம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது அதே குன்றில் மூன்றாவது சுரங்கம். ரிக்கேக்குப் பெசியேயில் சிலை இருக்கிறது. மண் வெட்டியவர்களின் பெயரோ எந்தச் சிலையின் பீடத்திலும் கிடையாது.

கொடி ஊரை விழுங்கியது

பழைய காலத்தில் அந்தப் பக்கத்து விவசாயி கொஞ்சம் கோதுமை, கொஞ்சம் ஆலிவ், கொஞ்சம் திராட்சை, சில ஆடுகள் என்று எல்லாம் வைத்திருந்தான். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். 1857ல் பெசியேக்கு ரயில் வந்தது. வடக்கே ஆலைகளும் சுரங்கங்களும் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நகரங்களில் குவிந்தார்கள். மலிவான சாதாரண மதுவுக்குக் கிராக்கி ஏற்பட்டது. உடனே லாங்டோக் முழுவதும் கோதுமையையும் ஆலிவையும் பிடுங்கிவிட்டுத் திராட்சை நட்டார்கள். அரமோன் என்ற ரகம் அங்கே பிரசித்தம். தரம் குறைவு, மகசூல் ஏராளம். பிரதேசமே ஒற்றைப் பயிர்ப் பிரதேசமாயிற்று. வீட்டுக்கு வேண்டிய மாவைக்கூட வெளியிலிருந்து வாங்க வேண்டும். மது விற்றால் சோறு, விற்காவிட்டால் பட்டினி.

அந்தச் சமயத்தில்தான் பூச்சி வந்தது. பிலோக்ஸெரா என்று பெயர். அமெரிக்கத் திராட்சைச் செடிகளோடு கப்பலேறி வந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சிறு பேன். வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். சில வருஷங்களில் கொடி பட்டுப்போகும். 1863ல் பிரான்சின் தெற்கே கார் ஜில்லாவில் முதன்முதலாக இது காணப்பட்டது. மொன்பெலியே நகரத்துத் தாவர சாஸ்திரி பிளான்ஷோனும் அவருடைய சகாக்களும் 1868ல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மருந்து சுலபத்தில் கிடைக்கவில்லை. 1875ல் பிரான்ஸ் முழுவதும் 840 கோடி லிட்டர் மது உற்பத்தியாயிற்று. 1889ல் அது 230 கோடி லிட்டருக்கு இறங்கியது. நாலில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டியதுதான் மிச்சம்!

கடைசியில் கண்ட வழி ஒட்டுக் கட்டுவது. அமெரிக்கச் செடியின் வேரை அந்தப் பூச்சி ஒன்றும் செய்வதில்லை. அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டினார்கள். நல்ல வழிதான். ஆனால் பழைய தோட்டத்தைப் பிடுங்க வேண்டும். புதுச் செடி வாங்க வேண்டும். முதல் மகசூலுக்கு மூன்று நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். கந்தகம் தூவ வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்க வேண்டும். பணமுள்ளவன் செய்தான். பணமில்லாதவன் கடன் வாங்கினான், அல்லது நிலத்தை விற்றான். பூச்சி எல்லாக் கொடியையும் சமமாகத்தான் தின்றது. மறுபடி நடும்போது சமத்துவம் இல்லை.

ஊரில் யார் யார்?

அந்தப் பிரதேசத்து ஊர்களில் மூன்று வகை ஜனங்கள் இருந்தார்கள்.

முதலாவது, பெரிய பண்ணைக்காரர்கள். நூறு ஹெக்டேர், அதற்கு மேலும் வைத்திருந்தவர்கள். (ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.) பலர் ஊரில் வசிப்பதே இல்லை, பெசியேயிலோ மொன்பெலியேயிலோ இருப்பார்கள். மதுப் பணத்தில் அவர்கள் கட்டிய கோபுரம் வைத்த மாளிகைகள் அந்தப் பக்கத்தில் இன்றும் நிற்கின்றன. பண்ணையைக் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார்.

இரண்டாவது, சிறு விவசாயிகள். ஒன்று, இரண்டு, ஐந்து ஹெக்டேர். குடும்பமே பாடுபடும்.

மூன்றாவது, கூலி விவசாயிகள். இவர்களில் பலருக்குக் கைப்பிடி அளவு நிலமும் உண்டு. காலையிலிருந்து பண்ணையில் கூலி வேலை. மாலையில் சொந்தத் துண்டில் வேலை. குளிர்காலத்தில் கொடி கவாத்து, வசந்தத்தில் மண் கொத்துதல், கோடையில் மருந்தடித்தல், செப்டம்பரில் பழம் வெட்டு. பழம் வெட்டும் நாளில் வடக்கு மலைகளிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இறங்கி வருவார்கள். வரிசையில் பெண்கள் பழம் வெட்டிச் செல்ல, ஆண்கள் சுமந்து போய்க் கொட்டுவார்கள். பெண்ணுக்குக் கூலி ஆண் கூலியில் ஏறக்குறைய பாதி. கூலியில் ஒரு பாகத்தை மதுவாகவே அளந்து கொடுக்கும் வழக்கமும் இருந்தது. பணமாகக் கொடுக்க வேண்டியதைத் தன் தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றுவது முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

விலை ஏன் விழுந்தது?

புதுக் கொடிகள் காய்த்தன. மறுபடி மது ஆறாக ஓடியது. 1900ல் அமோக விளைச்சல். அப்போது விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. உற்பத்திச் செலவுகூடக் கைக்கு வரவில்லை.

"அதிகம் விளைந்தது, விலை விழுந்தது" என்று பொருளாதார நிபுணர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். விஷயம் அவ்வளவுதானா? இல்லை. இன்னும் மூன்று காரணங்கள் இருந்தன.

ஒன்று, அல்ஜீரியா. 1830ல் பிரெஞ்சுப் பட்டாளம் அந்த நாட்டில் இறங்கியது. அரபு விவசாயிகளின் நல்ல நிலங்கள் குடியேறிகளின் கைக்குப் போயின. பிரான்சில் பூச்சி விழுந்ததும் அங்கே திராட்சை நட்டார்கள். 1900 வாக்கில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஹெக்டேர். மதுவைத் தொடாத முஸ்லிம் ஜனங்களின் தானிய பூமியில் மதுத் தோட்டம்! அடிமாட்டுக் கூலியில் விளைந்த அந்த மது, சுங்கம் இல்லாமல் பிரான்சுக்கு வந்தது. அல்ஜீரியக் கூலிக்காரனைக் கசக்கிய அதே காலனி ஆட்சி, லாங்டோக் விவசாயியின் விலையையும் இறக்கியது.

இரண்டு, கலப்படம். வடக்கே பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் பெரிய முதலாளிகள் இருந்தார்கள். 1903ல் சர்க்கரை வரி குறைக்கப்பட்டது. பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றிப் புளிக்க வைத்து "மது" என்று விற்பது லாபகரமான தொழிலாயிற்று.

மூன்று, நமது தோழர் கேட்ட அதே தரகன். சிறு விவசாயியிடம் பெரிய தொட்டி கிடையாது. பழம் பறித்தால் உடனே பிழிய வேண்டும். பிழிந்ததை வைக்க இடமில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிறான். தரகன் வருவான், ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பான், "இது லேசு, இது புளிப்பு" என்பான், அவன் சொன்னதுதான் விலை. அதே மது பாரிஸ் கடைக்குப் போகும்போது தண்ணீரும் சேர்ந்திருக்கும், விலையும் ஏறியிருக்கும். மரோசானில் விளைவித்தவனும் ஏமாந்தான். பாரிஸில் காசு கொடுத்துக் குடித்த தொழிலாளியும் ஏமாந்தான். இருவருக்கும் நடுவே நின்றவன் மட்டும் ஏமாறவில்லை.

1901: மரோசான் கண்ட வழி

1901 டிசம்பரில் மரோசானில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் ஒன்றுகூடினார்கள். ஏலி கத்தலா என்பவர் முன்நின்றார். ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். "சுதந்திரத் திராட்சை விவசாயிகள்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யாரிடமிருந்து சுதந்திரம்? தரகனிடமிருந்தும் மொத்த வியாபாரியிடமிருந்தும்.

முதலில் செய்தது சிறு காரியம்தான். அவரவர் வீட்டில் மது தயாரித்தார்கள். ஒன்றாகச் சேர்த்து விற்றார்கள். யாரிடம் விற்றார்கள்? இங்கேதான் ஆலைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

பாரிஸில் அப்போது தொழிலாளர்களே நடத்திய நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள் இருந்தன. கம்யூன் ரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டு ஆறு வருஷத்துக்குள், 1877ல், பெல்வில் என்ற தொழிலாளர் பேட்டையில் ஒருசில தொழிலாளர்கள் சேர்ந்து "பெல்வில்வாஸ்" என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அது நாளடைவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கடையாக வளர்ந்தது. இப்படிப்பட்ட சங்கங்களோடு மரோசான் விவசாயிகள் நேரடியாகப் பேசினார்கள். பாரிஸை ஒட்டிய ஷாரன்தோனில் சொந்தமாக ஒரு கிட்டங்கி வைத்தார்கள். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பீப்பாய்கள் ரயிலில் போயின. விவசாயிக்கு நியாயமான விலை. தொழிலாளிக்குத் தண்ணீரும் சர்க்கரையும் கலக்காத சரக்கு. நடுவில் ஒருவனும் இல்லை.

அடுத்த அடி 1905ல். சொந்தமாகப் பொதுக் கூடம் கட்டினார்கள். திராட்சைப் பழத்தைப் பொதுவில் பிழிந்து, பொதுத் தொட்டியில் புளிக்க வைத்து, பொதுவில் சேமித்து விற்கும் கூடம். பிரான்சில் இவ்வகைக் கூட்டுறவு மதுக்கூடங்களில் முதலாவது என்று மரோசான் சரித்திரத்தில் இடம் பெற்றது. அதன் முகப்பில் அவர்கள் எழுதிவைத்த வாசகம்: "ஒவ்வொருவருக்காகவும் எல்லோரும், எல்லோருக்காகவும் ஒவ்வொருவரும்."

கூட்டுறவுக் கூடங்கள் வேலை செய்யும் விதம் எளிது. வண்டி வந்ததும் பழத்தை நிறுப்பார்கள். சாற்றின் இனிப்பை அளப்பார்கள். இரண்டையும் உறுப்பினர் பேரில் எழுதுவார்கள். அப்புறம் எல்லாப் பழமும் ஒரே தொட்டிக்குப் போகும். விற்ற பணத்தில் செலவு போக மீதியை அவரவர் கொண்டுவந்த அளவுப்படி பிரித்துக் கொடுப்பார்கள். கடன்காரனுக்குப் பயந்து அறுப்பு வாரத்திலேயே விற்கத் தேவையில்லை. விலை வரும் வரை சரக்கு தொட்டியில் காத்திருக்கும். தரகன் இப்போது தனி விவசாயியோடு பேச முடியாது. சங்கத்தோடுதான் பேச வேண்டும்.

அந்த வருஷம் மரோசானைப் பார்க்க ஒருவர் வந்தார். அவர்தான் ழான் ழோரெஸ். தெற்கே பிறந்தவர், கார்மோ சுரங்கத் தொழிலாளிகளின் போராட்டத்தில் நின்றவர், வேலையிலிருந்து விரட்டப்பட்ட கண்ணாடித் தொழிலாளிகள் 1896ல் ஆல்பி நகரில் சொந்தமாகத் தொழிற்சாலை அமைத்தபோது அவர்களுக்குத் துணை நின்றவர், 1904ல் "லுமானித்தே" பத்திரிகையை ஆரம்பித்தவர், 1914ல் உலக யுத்தத்தைத் தடுக்கப் போராடியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் மரோசான் விவசாயிகளைச் சந்தித்து, தாம் கண்டதை 1905 மே மாதம் தம் பத்திரிகையில் எழுதினார். நிலத்தோடு ஒட்டிக்கொண்ட சிறு விவசாயிகூடக் கூட்டாக வேலை செய்ய முன்வருவான் என்பதற்கு அந்த ஊர் கண்கண்ட சாட்சியாக அவருக்குத் தெரிந்தது.

கூலிக்காரன் கதி?

இப்போது அந்த வயதான தோழர் மறுபடி எழுந்து கேட்பார்: "நிலம் வைத்திருப்பவனுக்குக் கூட்டுறவு வந்தது, சரி. நிலமில்லாதவனுக்கு என்ன வந்தது?"

சரியான கேள்வி. கூட்டுறவு சரக்கு விற்கிறவனுக்கு உதவும். கூலிக்காரன் விற்பது தன் உழைப்பை. அதற்கு வேறு சங்கம் வேண்டும். அதையும் அந்தப் பிரதேசத்துக் கூலி விவசாயிகள் கட்டினார்கள். 1903 ஆகஸ்டில் பெசியேயில் மாநாடு கூடித் தெற்குப் பிரதேச விவசாயத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்கள். அந்த வருஷம் விளைச்சல் குறைவு. மது விலை ஏறியது. விலை விழுந்தபோது கூலியைக் குறைத்த பண்ணைக்காரன், விலை ஏறியபோது கூலியை ஏற்ற மறந்துவிட்டான்! 1903 குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1904 ஜனவரிக்குள் எரோ ஜில்லாவிலும் அண்டை ஜில்லாக்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவியது. கவாத்து செய்ய வேண்டிய பருவத்தில் கத்தரிக்கோல் சும்மா கிடந்தது. ஊர் ஊராகப் பண்ணைக்காரர்கள் உட்கார்ந்து எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. பல இடங்களில் கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது.

ஆனால் அடுத்த வருஷங்களில் மது விலை மறுபடி சரிந்தது. பண்ணைகள் வேலையைக் குறைத்தன. வேலையில்லாத இடத்தில் சங்கம் நிற்பது கஷ்டம். வென்ற கூலியில் ஒரு பகுதி பறிபோயிற்று. கூலி உயர்வை ஒருமுறை வாங்கினால் போதாது, வருஷந்தோறும் காக்க வேண்டும் என்ற பாடத்தை நம்மைப் போலவே அவர்களும் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள்.

1907: தெற்கு கொதித்தது

1907 மார்ச் 11ந் தேதி, மரோசானுக்கு மேற்கே அர்ஜெலியே என்ற ஊரிலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு ஊர்வலம் போனார்கள். அங்கே வந்திருந்த பாராளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட. தலைமை வகித்தவர் மார்ஸலின் ஆல்பேர்; கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் ஒரு காப்பிக் கடையும் வைத்திருந்தவர். அந்த 87 பேர் ஞாயிறுதோறும் பெருகினார்கள். மே 12ந் தேதி பெசியேயில் ஒன்றரை லட்சம் பேர். ஜூன் 9ந் தேதி மொன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கு மேல். பள்ளியில் பிரெஞ்சு மட்டும்தான். ஆனால் அந்த மேடைகளில் ஜனங்களின் தாய்மொழியான ஒக்ஸித்தான் முழங்கியது. வரி கொடுக்க மறுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஊர்த் தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள்.

பிரதம மந்திரி கிளமென்சோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிப் பிரயோகம். ஆறு பேர் மாண்டார்கள்.

அங்கேதான் கிளமென்சோ கணக்குத் தப்பியது. 17வது காலாட்படை பெசியேயைச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் அந்த ஊர்களின் பிள்ளைகள். முன்னெச்சரிக்கையாக அவர்களை அக்டு என்ற ஊருக்கு மாற்றியிருந்தார்கள். நார்போன் செய்தி வந்ததும் ஜூன் 20 இரவு ஏறக்குறைய 500 சிப்பாய்கள் தோட்டாக் கிடங்கைத் திறந்து, துப்பாக்கியோடு இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, விடியும்போது பெசியேயில் நுழைந்தார்கள். துப்பாக்கியின் கட்டையை மேலே பிடித்துக்கொண்டு வந்தார்கள்; "எங்கள் தாய் தந்தையரைச் சுடமாட்டோம்" என்பதே அதன் பொருள். ஊர் ஜனங்கள் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு சிப்பாய்கள் திரும்பிப் போனார்கள். பிற்பாடு அவர்களைக் கடல் கடந்து டுனீஷியாவில் காஃப்சா என்ற பாலைவனப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

மார்ஸலின் ஆல்பேர் பாரிஸ் சென்று தனியே கிளமென்சோவைச் சந்தித்தார். பேச்சு முடிந்ததும் ஊர் திரும்ப ரயில் செலவுக்கு என்று மந்திரி 100 பிராங்க் கொடுத்தார். இவர் கபடமில்லாமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தச் செய்தி பத்திரிகைகளில்! தலைவரின் மதிப்பு ஒரே நாளில் கரைந்தது. எதிரியின் அறைக்குள் தனியாகப் போகக்கூடாது என்று நாம் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

ஆனாலும் போராட்டம் வீணாகவில்லை. 1907 ஜூன் 29ந் தேதிச் சட்டம் கலப்படத்தைக் கட்டுப்படுத்தியது; ஒவ்வொருவரும் தன் விளைச்சலை அறிவிக்க வேண்டும் என்று விதித்தது; மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி போட்டது. அந்த இயக்கத்தில் பண்ணைக்காரனும் கூலிக்காரனும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. இயக்கம் ஓய்ந்ததும் உருவான திராட்சை விவசாயிகள் மகாசபையில் பெரிய பண்ணைக்காரர்களின் கையே ஓங்கியிருந்தது. மது விலையைப் பற்றி அங்கே பேசினார்கள். கூலியைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது ஒற்றுமை கலைந்தது.

அதற்குப் பிறகு

மரோசான் காட்டிய வழி பரவியது. 1939க்குள் பிரான்சில் எண்ணூறுக்கு மேற்பட்ட கூட்டுறவு மதுக்கூடங்கள் ஏற்பட்டன. லாங்டோக்கில் கூடம் இல்லாத ஊர் அபூர்வம். தேவாலயத்துக்கு அடுத்த பெரிய கட்டிடம் பல ஊர்களில் அதுதான்.

பிரச்னைகள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. 1970ல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இத்தாலிய மது தடையின்றி வர ஆரம்பித்தது. மறுபடி விலைச் சரிவு, மறியல். 1976 மார்ச் 4ந் தேதி மோன்ற்தோன் என்ற இடத்தில் துப்பாக்கிச் சண்டை. ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் உயிரிழந்தார்கள். பிற்பாடு, கொடியைப் பிடுங்கி எறிந்தால் பணம் தருகிறோம் என்று ஐரோப்பிய நிர்வாகம் சொன்னது. 1960களில் இருந்த லாங்டோக் திராட்சைப் பரப்பில் ஏறக்குறைய பாதி மறைந்துவிட்டது. அந்நாளில் பிரான்சில் தலைக்கு வருஷம் நூறு லிட்டருக்கு மேல் மது செலவாயிற்று. இன்று ஐம்பதுக்கும் கீழே. பழம் வெட்டும் எந்திரம் வந்தது. வரிசையாக நின்ற ஆட்கள் குறைந்தார்கள். பழைய தரகனின் இடத்தில் இப்போது பெரிய சங்கிலிக் கடைகளின் கொள்முதல் அதிகாரி உட்கார்ந்திருக்கிறான். அவனோடு பேரம் பேச ஒற்றை ஊர்க் கூடம் போதவில்லை. மரோசான் கூடமும் அக்கம்பக்கத்து ஊர்க் கூடங்களோடு இணைந்துகொண்டது. மரோசானில் இன்று நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வசிக்கிறார்கள். பலர் காலையில் பெசியேக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள். 1905ல் கட்டிய கூடம் மட்டும், முகப்பு வாசகத்தோடு, அரசாங்கம் காக்கும் சரித்திரச் சின்னமாக நிற்கிறது.

நாம் அறிவது என்ன?

தோழர்களே! ஒரு சிறு ஊரின் கதையில் இருந்து மூன்று விஷயங்களை நினைவில் வைப்போம்.

பூச்சியும் வறட்சியும் எல்லோருக்கும் வரும். ஆனால் கஷ்டம் எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. ஆகவே "விதி" என்று யாராவது சொன்னால், அந்த விதியில் யாருக்கு லாபம் என்று விசாரிக்க வேண்டும்.

விளைவிப்பவனும் நகரத் தொழிலாளியும் நேருக்கு நேர் கைகுலுக்கினால் நடுவில் நிற்பவனுக்கு வேலை இல்லை. மரோசான் பீப்பாய் பாரிஸ் தொழிலாளியின் கடைக்குப் போன அந்த எழுநூறு கிலோமீட்டர் பாதையை இருபுறமும் உள்ள சாதாரண ஜனங்கள் போட்டார்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

கூட்டுறவு கூலிச் சங்கத்துக்குப் பதில் ஆகாது. கூலிச் சங்கம் கூட்டுறவுக்குப் பதில் ஆகாது. பழம் விற்பவனுக்கு ஒன்று, உழைப்பை விற்பவனுக்கு ஒன்று. இரண்டும் தோளோடு தோள் நின்ற இடத்தில் பண்ணைக்காரன் இறங்கி வந்தான். பிரிந்த இடத்தில் அவன் ஏறி உட்கார்ந்தான்.

அந்த வயதான தோழரின் ஊருக்கு நாங்கள் மறுபடி போவோம். அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஒன்றையும் சொல்வோம்: "அங்கேயும் கூலிக்காரன் இருந்தான், அங்கேயும் தரகன் வந்து நின்றான். ஒரு நாள் ஊர் கூடியது. அதன் பிறகு தரகன் தெருவில் நின்றே பேச வேண்டியதாயிற்று."